இரண்டரையா, மூன்றா

ஹிக்கின்சன் நெடுஞ்சாலையோரம் நிற்கின்றன
விலை எழுதிய மரக்கொட்டகைகள்.
வெண்டி ஹவுஸ் என்பார்கள் சாட்ஸ்வொர்த்தில்.
"சின்னது வாங்கினவங்க
வருஷத்துக்குள்ள திரும்ப வருவாங்க"
என்றான் விற்கிறவன், பல் தெரிய.

வீட்டுக்கு வந்து
புல்லில் முளையடித்துக் கயிறு கட்டினோம்.
இரண்டுக்கு இரண்டரை மீட்டர்.
பூபாலன் தன் சைக்கிளை உள்ளே நிறுத்தினார்,
பிறகு மகளுடையதை,
தலைமாடு கால்மாடாக.
சக்கரம் என்னவோ ஒல்லிதான்;
இடத்தைத் தின்பது ஹேண்டில்பார்.
புல்வெட்டும் மெஷின், மண்வெட்டி, ஏணி,
பதினாலாம் நம்பர் ஸ்பானர் மட்டும்
எப்போதும் காணாமல் போகும் பெட்டி.
கடைசியில் அவரும்,
கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு
லிஃப்டில் நிற்பவர் மாதிரி.

"போதும், தவமணி."

நான் முளையைப் பிடுங்கிக்
கறிவேப்பிலைச் செடியோரம் நட்டேன்.
"மூணு."
"அரை மீட்டருக்கு
ஆயிரத்தெண்ணூறு ராண்ட் கூட!"

கதவு உள்பக்கமாத் திறந்தா, என்றேன்.
எலி மருந்துக்குத் தனித் தட்டு, என்றேன்.
மழையில் நின்றா பூட்டைத் தேடுவது, என்றேன்.

சொல்லாதது ஒன்று:
செவ்வாய்தோறும் அவர் ஷிஃப்டுக்குப் போனதும்
பள்ளிக்கூட மைதானத்தில்
மகளின் சைக்கிள்,
நான்.
போன வாரம் கோல்கம்பம் வரைக்கும்
காலை ஊன்றாமல் போய்விட்டேன்,
ஐம்பத்துமூன்று வயதில்.
முட்டிச் சிராய்ப்புக்கு
அடுப்படி வழுக்கியது என்று சொல்லியிருக்கிறேன்.
சிவப்பில் ஒன்று பார்த்தும் வைத்திருக்கிறேன்.

அவர் குனிந்து மறுபடி அளக்கிறார்.
பென்சிலை எச்சில் தொட்டு
உள்ளங்கையில் எழுதுகிறார்: மூன்று.
பக்கத்தில், சின்னதாக,
ஒரு கேள்விக்குறி.