கருத்து: ஐம்பது எழுத்துக்குள்

காலை ஆறேகால்.
லூப் ரோட்டில் பால் வண்டிக்கும்
நடைப்பயிற்சிக்காரர்களுக்கும் நடுவே
டேப்லெட்டோடு நிற்கிறேன்.
நாளுக்கு அறுநூறு ரூபாய், மூன்று மாத வேலை.
கழுத்து அட்டையில் ஏகவல்லி, களக் கணக்கெடுப்பாளர்.
இந்த மணலில் வேம்புலியின் மருமகள்.

முதல் கேள்வி, படகின் நீளம்.
டேப்பின் மறுமுனையை மாமனாரே பிடித்தார்.
இருபத்தெட்டு அடி.
அதற்கு மீட்டரில் வேண்டுமாம். எட்டரை.
"கொறஞ்சிடுச்சே" என்றார்.

இன்ஜின் எத்தனை குதிரைத் திறன்?
ஒன்பது.
"அதுல ரெண்டு நொண்டி" என்றது படகுக்குள்ளிருந்து ஒரு குரல்.
நொண்டிக்குக் கட்டம் இல்லை.

கடலில் எத்தனை நாள் தங்குவீர்கள்?
ஏழு, பதினைந்து, முப்பது, அதற்கும் மேல்.
ராத்திரி ரெண்டு மணிக்கு நீவாடு பார்த்துப் போய்
பிள்ளையின் இட்லி ஆறுமுன் திரும்புகிறவர்கள்
எதைச் சொல்வது?
வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
ஏழைத் தொட்டேன்.

பிடித்தது எவ்வளவு? இனவாரியாக, கிலோவில்.
அஞ்சுகம் அத்தை பலகையில் கூறு கட்டிக்கொண்டிருந்தாள்.
கவலை ஒரு பக்கம், காரப்பொடி ஒரு பக்கம்,
தப்பி வந்த சங்கரா இரண்டு தனியே.
ஒரு கூறு எத்தனை கிலோ, அத்தை?
"வாங்க வர்றவ மூஞ்சியப் பொறுத்து."
வலை இழுத்தவர்களுக்குக் குழம்பு மீன்,
கயிறு பிடித்த பையனுக்கு நாலு,
கால்களுக்கிடையில் கத்துகிற பூனைக்கு ஒரு தலை.
விற்காததை மீன் என்று
இந்தக் கருவி ஒப்புவதில்லை.

தி.நகர் ஓட்டலில், ஏசி அறையில், பயிற்சி கொடுத்தார்கள்.
உலகம் முழுக்க ஒரே படிவம் என்றார்கள்.
ஜெனீவாவில் நூற்றுச் சொச்ச நாடுகள் உட்கார்ந்து
கடலில் மீன் குறைந்தது யார் கொடுத்த காசினால் என்று
வருடக்கணக்காகப் பேசுகின்றனவாம்.
அந்த ஊரில் கடல் இருக்கிறதா என்று கேட்டேன்.
ஏரி இருக்கிறது, பெரிய ஏரி என்றார் பயிற்சியாளர்.
பிறகு சமோசா வந்தது.

ஏழாம் கேள்வி.
மானியம் பெறுகிறீர்களா? ஆம். இல்லை.
மாமனாருக்குப் பின்னால் நீலக் கேன்,
பாதி மண்ணெண்ணெய்,
அதுவும் போன மாதத்துப் பங்கு.
நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.
"ஆமான்னு போடு. வாங்கினத வாங்கலன்னு
எப்டிச் சொல்றது?"
தொட்டதும் கட்டம் பச்சையானது.
எங்கேயோ ஒரு கூட்டலில்
மைதானம் நீளத்துக்கு மிதக்கிற ஆலைக் கப்பலும்
இந்தக் கேனும்
ஒரே பத்தியில் போய் விழும்.

"இதையும் எய்திக்கோ" என்றார்.
"நேத்து வலைல பங்குனி ஆமை. பெருசு.
அறுத்து வுட்டோம். ரெண்டாயிரம் ரூபா வலை."
ஆமை செத்தால் அமெரிக்காக்காரன்
எறா வாங்க மாட்டான் என்று
காசிமேட்டில் பேசிக்கொள்கிறார்கள்.
"அவன யாரு கண்டா?
அது மேல வந்து மூச்சு வாங்கிச்சு.
பாத்துட்டு எப்டி வுடாம இருக்கிறது?"

ஆமைக்குக் கேள்வி இல்லை.
கடைசியில் ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது,
கருத்து: ஐம்பது எழுத்துக்குள்.

இந்தக் கருவிக்குப் புள்ளி ஓர் எழுத்து.
கொம்பு தனி, கால் தனி, சுழி தனி.
ஒற்றுக்கு இரட்டை வாடகை.
இங்கிலீஷில் படுத்து உருள இடமுண்டு,
தமிழில் நிற்கத்தான்.
தட்டத் தட்ட எண் இறங்குகிறது.
பத்து. நான்கு. சுழியம்.

வலை அறுத்து ஆமையை விட்டோம் நஷ்டம் ரெண்டாயிரம் மூச்

அவ்வளவுதான்.
அடுத்து எந்த எழுத்தும் ஏறவில்லை.

"இன்னா வந்திருக்குது, படி."
படித்தேன்.
"மூச்சா?" என்று சிரித்தார்.
"யாரு யாருக்குச் சொல்றதும்மா அது?"

அனுப்பு என்பதை அழுத்தினேன்.
சிக்னல் இல்லை. வட்டம் சுற்றுகிறது.
அஞ்சுகம் அத்தை ஒரு கூறைக் கலைத்து
இரண்டாகக் கட்டுகிறாள்.