நூறு பவுண்டுக்கு மூன்று டாலர்

விலை விழுந்ததும் முதலில் காணாமல் போனது
டெல்பர்ட்டின் நீல வண்டி.
அடுத்து அந்த அண்ணன் தம்பி இருவர்,
பெயர் கேட்டதில்லை, ஹாரன் சத்தம் மட்டும் பழக்கம்.
இப்போது அஷ்டபூலாவின் புதன்கிழமை இரவுகள்
மொத்தமும் எனக்கு.

வியாழன் விடிந்தால் குப்பை லாரி வந்துவிடும்.
அதற்குள், பதினொன்றரை வாக்கில்,
ஏரிக்காற்று கதவிடுக்கில் ஊளையிட
விளக்கைத் தாழ்த்தி ஊர்ந்து போவேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டிப் பழகிய கால்
ஒவ்வொரு வீட்டு முன்னாலும்
தானாகவே பிரேக்கைத் தேடும்.
பகலில் பிள்ளைகள் ஏறும் அதே வாசல்கள்.
இங்கே ஒரு ஹீட்டர்,
அங்கே கால் ஒடிந்த கரியடுப்பு,
தெருக்கோடியில்
யாரோ நடக்காமலே விட்ட நடை எந்திரம்.

சட்டைப்பையில் காந்தம்.
ஒட்டினால் இரும்பு, மலிவு.
ஒட்டாவிட்டால் நெஞ்சு ஒரு துடிப்பு கூடத் துடிக்கும்:
அலுமினியம், பித்தளை,
கடவுள் கண் திறந்தால் செம்பு.
ஒட்டிக்கொள்வதற்குச் சந்தையில் மதிப்பில்லை
என்று மார்லிஸிடம் சொல்லிவைத்தேன்.
"முப்பது வருஷமா ஒட்டிக்கிட்டிருக்கேன்,
எனக்கு என்ன விலை போடுவே?" என்றாள்.
வாயை மூடிக்கொண்டு
கையுறையைத் தேடப் போனேன்.

செம்பை விற்பதில்லை, ஏறட்டும் என்று
காபி டப்பாக்களில் அடைத்து வைத்திருக்கிறேன்.
பதினேழு டப்பா.
கராஜில் அவை குடியிருக்கின்றன,
மார்லிஸின் கார் பனியில் நிற்கிறது.

சனிக்கிழமை எய்னோவின் எடைமேடை.
பலகையில் சாக்பீஸ் எழுத்து:
மெல்லிரும்பு, நூறு பவுண்டுக்கு மூன்று.
போன வருஷத்து ஒன்பது சரியாக அழியாமல்
அதன் வால் மட்டும் மூன்றுக்குக் கீழே தொங்குகிறது.
சுமையோடு ஒரு எடை, வெறும் வண்டி ஒரு எடை,
கழித்தால் நானூற்றுப் பத்து.
பன்னிரண்டு டாலர் முப்பது சென்ட்.
பெட்ரோலுக்கு ஒன்பது போனது.
"இதுக்கா இந்தக் குளிர்ல வந்தே" என்று
எய்னோ கேட்கவில்லை.
கேட்காமல் விட்டதே
ஒரு வாய் சூடாகக் குடித்த மாதிரி இருந்தது.

துணி துவைக்கும் எந்திரம் ஒன்றை மட்டும் இறக்கவில்லை.
மோட்டாரில் செம்புச் சுருள் இருக்கும்,
வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன்.
தொட்டிக்கு அடியில், சோப்புச் சேற்றில்,
இரண்டு ஹேர்பின், ஒரு சட்டைப் பொத்தான்,
பிறகு காசுகள்.
கழுவி, துடைத்து, இரண்டு தரம் எண்ணினேன்.
நான்கு டாலர் முப்பத்தைந்து.
எந்திரத்தை அப்படியே எடைக்குப் போட்டிருந்தால்
நான்கு இருபது.
பதினைந்து சென்ட்டுக்குச் சிரித்தேன்,
இரவு பன்னிரண்டு மணிக்கு, தனியாக.

அப்புறம் தூக்கம் வரவில்லை.
எடுத்தது கோவாச் வீட்டு வாசலில்.
அந்தப் பையன் என் பேருந்தில்
மூன்றாவது நிறுத்தத்தில் ஏறுகிறவன்.
அவன் அப்பாவுக்கு அக்டோபரிலிருந்து வேலையில்லை.

திங்கட்கிழமை காலை
டோபின் படியேறியதும் காசுப் பையை நீட்டினேன்.
"உங்க மெஷினுக்குள்ள இருந்துச்சு."
பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அது எங்களுது இல்ல.
நாங்களும் ரோட்லருந்துதான் எடுத்தோம்.
ஓடல. திரும்ப வெச்சுட்டோம்."

பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.
கதவு திறந்தே இருந்தது,
பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அதோட தண்ணிக்குழாய் இருக்கா?
அப்பா வேற ஒண்ணு பிடிச்சிட்டு வந்திருக்கார்,
அதுல குழாய் இல்ல."

இருக்கிறது.
ரப்பர். காந்தம் ஒட்டாது,
எய்னோவின் பலகையில் அதற்கு வரியும் இல்லை.
நாளைக்குக் கொண்டுவருகிறேன், உட்கார் என்றேன்.
கதவை மூடினேன்.