கலையாத இரண்டு கோடுகள்

ஸாப்ஷே, சுரங்க மருத்துவமனையின் அடித்தளம்.
வெளியே பனி
தரை தொடுமுன்பே கரி பூசிக்கொள்கிறது.

குழாயில் ஒட்டிய சீட்டு:
வின்சென்டி கொட்சிபா, ஐம்பத்தொன்று.
அடுக்களையில் கிடந்தார்.
கீழே காவலரின் அவசரக் கையெழுத்து:
குடி. மாரடைப்பு.
கன்னம் மட்டும் சிவந்திருந்ததாம்,
குளிரில் நடந்து வீடு திரும்பியவர் போல.

ஒட்டிலியா ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து
விளக்கின் முன் பிடிக்கிறாள்.
விரல் நீள நிறமாலைமானியில் ஒரு கண்.

மஞ்சள் பச்சையாகும் இடத்தில்
இரண்டு இருட்டுக் கோடுகள்.

இரத்தம் உண்ணும் இடம் அது.
இரும்பணுவை மடியில் வைத்த ஒரு வளையம்
வெளிச்சத்திலிருந்து பச்சையைப் பொறுக்கித் தின்னும்.
நாம் சிவப்பு என்பது
அது தொடாமல் விட்ட மிச்சம்.
இரும்பு யார் கையைப் பிடித்திருக்கிறதோ
அதற்கேற்ப மாறும் வளையத்தின் பசி.

ஆனால் இரண்டு கோடு
உயிரோடு இருப்பவருக்கும் உண்டு.
தன் விரலையே குத்தி
இன்னொரு குழாய் வைக்கிறாள்.
இரண்டிலும் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி.
அணைத்த தீக்குச்சியின் வாடை.

அவள் குழாயில்
இரும்பு ஆக்சிஜனைக் கேட்டதும் கொடுத்துவிட்டது.
கோடுகள் குழம்பி, நெருங்கி,
ஒரே அகன்ற நிழலாயின.

கொட்சிபாவின் குழாயில்
நின்றன.

இன்னும் ஒரு சிட்டிகை.
நின்றன.
லென்சைத் துடைத்தாள். நின்றன.

நிறமில்லை, வாசனையில்லை,
கதவு தட்டும் பழக்கமில்லை.
இந்த ஊரில் அதற்கு ஒரே அசையில் பெயர்:
சாட்.
அடைத்த புகைபோக்கியிலிருந்து இறங்கி
இரும்பைப் பிடித்த விடாப்பிடி.
பிடித்த இடத்தில் மட்டும்
அதற்கும் ஒரு நிறம் வந்து
மாட்டிக்கொண்டது.

சீட்டில் 'குடி'யை அடித்தாள்.
'மாரடைப்பை' அடிக்கப் பேனா இறங்கியபோதுதான்
மாடி பெஞ்சில் சான்றுக்குக் காத்திருப்பவள்
நினைவுக்கு வந்தாள்.

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

"பிள்ளைகள். தூங்குகிறார்கள்.
குளிருமே என்று
அடுப்பை மூட்டிவிட்டுத்தான் வந்தேன்."

தொலைபேசி அடித்தளத்தில்தான்.
படிகளில் பாய்ந்து இறங்கியவள்
மேசையில் இடித்துக்கொண்டாள்.
குழாய்கள் குலுங்கின.
எண்ணைச் சுழற்றும் சத்தம்.
மறுமுனையில் மணி.
மணி.

அணைக்க மறந்த விளக்கின் முன்
காற்றைக் குடித்து
அவள் இரத்தத்தின் ஒற்றை நிழல்
மறுபடி இரண்டாகப் பிரிகிறது.
பார்க்க ஆளில்லை.