கோணல் உதடு

கண்டுபிடித்தவர் பெயர்,
நாடு, முகவரி.
திருத்துறைப்பூண்டி நெட் சென்டரில்
கரண்டு போய் வந்த பிறகு
மறுபடி இதே கட்டம்.

அடப்பாற்றுக் கடைமடையில்
உப்பு ஏறாமல் தானே சாத்திக்கொள்ளும் கதவு.
நானூற்றுப் பன்னிரண்டு வடிவம்
வரைந்து தந்தது கணினி.
அடி உதட்டைக் கோணலாய் வளைத்ததும் அதுதான்.
ஏன் என்று கேட்டேன்.
மூன்று காரணம் சொன்னது,
மூன்றும் தப்பு.

“மனுசப் பேர்தான் ஏத்துக்குவாங்க,
உங்க பேரைப் போடுங்க மேடம்”
என்கிறார் கிண்டியிலிருந்து ஏஜென்ட்.
துறை தெரிந்தவருக்குச்
சுலபமாய்த் தோன்றிவிடக் கூடாதாம், சட்டம்.
எல்லாத் துறையும் படித்துவிட்ட ஒன்றுக்கு
எதுதான் தோன்றாது?

கோணல் சரியென்று சொன்னவர்
லஸ்கர் வைரக்கண்ணு.
நேர் உதட்டில் நண்டு சிக்கும்,
ஒரு விரற்கடை திறந்தே நிற்கும் கதவு,
விடிவதற்குள் வயல் கரிக்கும்.
இருபது வருஷமாய்
இருட்டில் நண்டைப் பிடுங்கி
அவருக்கு
வலது சுண்டுவிரல் மடங்காது.

என் பெயருக்குக் கீழே அடித்தேன்:
செ. வைரக்கண்ணு, நீர்முளை.

போனில் சொன்னதும்
நெடுநேரம் பேச்சில்லை.
பிறகு கேட்டார்:
“கையெழுத்துப் போட்டா
மாத்தல் போட்டுருவாங்களா?”