பாப்பாயிக்குப் புகைப்பழக்கம் இல்லை

முதல் பஸ்ஸில் மலையை விட்டு இறங்கினேன்.
கொண்டை ஊசிக்கு ஒரு தரம் இருமல்.
பதினாலாம் வளைவில்
பக்கத்து சீட்டுக்காரி குழந்தையை
ஜன்னல் பக்க மடிக்கு மாற்றினாள்.
அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

சேலம் ஜி.எச். சீட்டு வரிசை.
வயசு கேட்டார்கள், நாற்பத்தெட்டு.
ஊர், நாகலூருக்கு மேலே.
புருஷன் பேர்.
அவன் திருப்பூர் போய் ஒன்பது வருஷம்,
பேர் மட்டும் என்னிடம் மிச்சம். கொடுத்தேன்.
என் பேரை அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்ட பையன்
பேனாவைத் தூக்காமலே
ஒரு கட்டத்தில் கோடு இழுத்தான்.
"அது என்ன தம்பி?"
"புகைப்பழக்கம். உங்களுக்கு இல்லம்மா."

என் சேலையைப் பார்த்தானா, நரையைப் பார்த்தானா,
அவனே தீர்த்துவிட்டான்.
இடுப்புச் சுருக்குப்பையில் பாதிக் கட்டு பீடி.
பின்னால் நாற்பது பேர்.
நான் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டு வயசில், காப்பித் தோட்டத்தில்
கணுக்காலில் அட்டை தொங்கியபோது
பற்றவைத்த பீடியை மேஸ்திரிதான் நீட்டினார்.
சுட்டதும் உருண்டு விழுந்தது.
மிச்சத்தை எறிய மனசு வரவில்லை.
அப்புறம் மார்கழிக் குளிருக்கு ஒன்று,
பதினோரு மணிப் பசிக்கு ஒன்று,
பெரியவன் காய்ச்சலில் போன வருஷம் கணக்கே இல்லை.
இன்னொன்றும் சொல்ல வேண்டும்:
தோட்டத்தில்
பீடி குடிக்கிறவள் ஐந்து நிமிஷம் உட்காரலாம்.
குடிக்காதவள் எதற்கு உட்காருவாள்?

டாக்டரம்மா சின்னப் பெண்.
முதுகில் குழாய் வைத்து
இழு, விடு, இழு என்றாள்.
"விறகு அடுப்பா?"
"ஆமாங்க."
அடுப்பும்தான்.
ஸ்கேன் எழுதினாள். இங்கே மெஷின் ரிப்பேர்,
காப்பீட்டு அட்டை இருந்தால் வெளியே சும்மா எடுக்கலாம்.

இருந்தது. சர்க்கரை வாங்கிய கவரில்
சுருட்டி வைத்திருந்தேன்.
பதினேழாம் நம்பர் அறையில்
கண்ணாடிக்காரர் இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தார்.
ஆதாரில் பாவாயி.
அட்டையில் பாப்பாயி.
"இது வேற ஆளும்மா."
"நான்தாங்க."
"நீங்கதான்னு எனக்குத் தெரியுது.
கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."
திருத்திக்கொண்டு வரச் சொன்னார்.
வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், அப்புறம் இங்கே.
அவசரம் என்றால் அஞ்சு ரோட்டில்
ஐயாயிரத்துச் சொச்சம்.
ஐயாயிரத்துக்கு எத்தனை கட்டு என்று
மனசு தானாகக் கணக்குப் போட்டது.
வெட்கமாக இருந்தது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து
அந்தப் பாப்பாயியை நினைத்தேன்.
என் வயசு, என் ஊர், ஓடிப்போன அதே புருஷன்.
அவளுக்கு அட்டை இருக்கிறது.
அவளுக்குப் பழக்கம் இல்லை, சீட்டே சொல்கிறது.
நெஞ்சில் நிழல் விழுந்தால்
அவளுக்கு விழாது,
விழுந்தாலும் காசில்லாமல் பார்ப்பார்கள்.
மகராசி.

என்ன தோன்றியதோ,
மறுபடி சீட்டு வரிசையில் நின்றேன். ஒரு மணி நேரம்.
"தம்பி, அந்தக் கோட்டை மாத்து.
முப்பத்தாறு வருஷம். நாளைக்கு ஒரு கட்டு."
அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.
கேலி பண்ணவில்லை. புத்திமதியும் சொல்லவில்லை.
பேனாவைத் திறந்து,
"பேர் என்னம்மா?" என்றான்.

எந்தப் பேரைச் சொல்ல?
பின்னால் யாரோ தள்ளினார்கள்.

பழைய பஸ் ஸ்டாண்டில் டீ மட்டும் குடித்தேன்.
சுருக்குப்பையைத் தொட்டேன்,
தொடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
இன்றைக்குப் புதன்.
எங்கள் வி.ஏ.ஓ. வெள்ளிக்கிழமைதான் வருவார்,
மழை பெய்தால்
அதுவும் இல்லை.