நடுவில் வைத்த கவளம்

தார்த்து நகரில் ஜனவரி.
ஆறு உறைந்து, அதன்மேல் ஆட்கள் நடக்கிறார்கள்.
நிலவறையில் மட்டும் இருபத்திரண்டு டிகிரி,
எலிகளுக்காக.

என் வேலை புட்டிகளை எடை போடுவது.
நேற்று நிரப்பியதில் இன்று எவ்வளவு குறைந்தது,
எந்தக் கூண்டு, எத்தனை கிராம்.
சிலவற்றில் மருந்து, சிலவற்றில் வெறும் நீர்.
எதில் எது என்று எனக்குத் தெரியாது,
ஹெல்வேக்கும் தெரியாது.
தெரிந்த தாள் மூன்றாம் மாடியில்
ஒட்டிய உறைக்குள் தூங்குகிறது.
நாவில் ஒரு துளி வைத்தால் கசப்பே காட்டிக்கொடுக்கும் என்றார்கள்.
ஒரு முறை வைத்தேன்.
இரண்டும் தண்ணீராகத்தான் இருந்தன.

மருந்து சோம்பேறியல்ல.
குடித்த சில மணி நேரத்தில்
நரம்புக்கும் நரம்புக்கும் இடையிலான இடுக்கில்
செரோடோனின் தேங்கத் தொடங்கிவிடும்,
வடிகால் அடைத்த தொட்டி போல.
எலிதான் மாறுவதில்லை.
ஐந்தாம் நாளும் மூலையில்.
பன்னிரண்டாம் நாளும் மூலையில்.
"தண்ணீர் பாய்ஞ்சாச்சு, கிழங்கு இன்னும் முளைவிடலை"
என்பாள் ஹெல்வே.
அவள் அப்பா உருளைக்கிழங்கு போட்டு நொடித்தவர்.

மூளைக்குள் ஒரு மடிப்பு,
கடற்குதிரை என்று யாரோ பெயர் வைத்தது.
அதன் ஓரத்தில், வளர்ந்த எலிக்கும்கூட,
புதுச் செல்கள் பிறந்தபடி இருக்கும்.
பிறந்ததில் பாதி மடியும்.
மீந்தவை கிளைவிட்டு
பக்கத்துச் செல்லின் கையைத் தொட
மூன்று வாரம், நான்கு வாரம்.
யாரும் அதட்டி அவசரப்படுத்த முடியாது.

லீலோ ஹாப்சாலுவிலிருந்து கூப்பிட்டாள்.
"பதினோரு நாள் ஆச்சு. ஒண்ணுமில்ல.
வாய் உலருது. அவ்வளவுதான்."
அதே மருந்து. பெட்டியின் நிறம்தான் வேறு.
எங்கள் பதினோராம் நாளும் இப்படித்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
எலியோடு என்னைச் சேர்க்கிறாயா என்பாள் தங்கை.
"அங்கே பனி பெய்யுதா?" என்றேன்.

இருபத்தெட்டாம் நாள் சோதனை.
முந்தைய நாள் முழுப் பட்டினி.
பிறகு வெள்ளைப் பெட்டி,
தலைக்குமேல் கண்கூசும் விளக்கு,
சரியாக நடுவில் ஒரு கவளம்.
பசி போ என்கிறது. வெளிச்சம் போகாதே என்கிறது.
எத்தனை விநாடியில் கடிக்கிறது என்பதே கணக்கு.
பதினேழாம் எலி நாற்பத்தொன்று.
"இவன் மருந்துக்காரன், பந்தயம்" என்றாள் ஹெல்வே.
முப்பதாம் எலி
பத்து நிமிடமும் சுவரை விடவில்லை.

பிறந்ததை எண்ண வேண்டுமானால்
பிறந்த இடத்தைத் திறந்தாக வேண்டும்.
பிடித்துக் கொடுப்பவன் நான்.
பதினேழு என் சட்டைக் கைக்குள் நுழையப் பார்த்தான்,
அங்கே இருட்டாக இருந்ததால்.
அன்று மாலை ரொட்டிக்கடையில்
மிச்சக் காசை வாங்காமல் வந்துவிட்டேன்.

பிறகு ஹெல்வேயின் வாரங்கள்.
வெங்காயச் சருகாய்ச் சீவிய துண்டுகளில்
ஆறில் ஒன்றை எடுத்து, குனிந்து,
பழுப்புப் பொட்டு ஒன்றுக்கு ஒரு சொடுக்கு.
அறைக்கு வெளியே கேட்டால்
யாரோ கடலை உரிப்பது போலிருக்கும்.

மார்ச்சில் உறையைப் பிரித்தார்கள். ஆற்றிலும் விரிசல்.
மருந்து குடித்தவற்றுக்குப் பொட்டுகள் அதிகம், விநாடிகள் குறைவு.
அந்த மடிப்பில் முன்பே எக்ஸ்ரே பாய்ச்சிய ஏழு எலிகளோ
அதே மருந்தைக் குடித்தும்
பொட்டின்றி, சுவரோரம்.
பதினேழு? வெறும் நீர்.
முப்பது? மருந்து, கடைசிச் சொட்டுவரை.
சராசரிக்குள் இருவரும் கரைந்துபோனார்கள்.
ஹெல்வே பந்தயக் காபியை வாங்கித் தந்தாள்,
பேசாமல் குடித்தோம்.

ஞாயிறன்று லீலோ.
"மீன் வாங்கினேன். சதுக்கத்துல.
ஓரமாப் போகல. குறுக்கே, நடுவுல நடந்தேன்.
வெயில், கண்ணு கூசிச்சு."
அவள் புட்டியில் இருப்பது எது என்று எனக்குத் தெரியும்.
பதினேழையும் தெரியும்.
எத்தனை நிமிடம் ஆனது என்ற கேள்வி
நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"என்ன மீன்?" என்றேன்.
"மத்தி. பொடிசு. முள் ஜாஸ்தி."