இடது பின் சக்கரத்துக்கு மேலே

கராஜ் கதவு முழுதாக ஏறும்வரை
கைகளைக் கோட்டுக்குள் வைத்திருப்பேன்.
வியந்தால் விலை ஏறிவிடும்,
உதட்டைப் பிதுக்கினால் மனம் உடைந்துவிடும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு முகம்
பன்னிரண்டு வருடத் தரகில் எனக்கு வாய்த்திருக்கிறது.

ஒஷாவா, ரிட்சன் ரோட்டுக்குப் பின்னால், ஏப்ரல்.
அறுபத்தேழாம் வருடத்துப் பான்டியாக் பரிசியென்,
இரண்டு கதவு, நாவற்பழ நிறம்.
உடம்பு பான்டியாக், எஞ்சின் செவர்லே;
கனடாவுக்கென்று அப்படித்தான் பூட்டி இறக்கினார்கள்.
மைல்மானி அறுபத்தோராயிரத்தில் நின்றது.
ஒரு சுற்று முடித்துத் திரும்பி வந்த அறுபத்தோராயிரமா என்று
பிரேக் பெடலின் ரப்பரைக் கேட்டேன்.
இல்லை என்றது.

"ஓரெஸ்ட் இதில் ஒரு கீறல் விழ விட்டதில்லை,"
என்றார் திருமதி மேரியன் ஹலுஷ்கா.
ஒவ்வொரு ஆகஸ்டும் ஏரிக்கரைக் கண்காட்சியில்
பானெட்டைத் திறந்து வைத்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து,
வருவோர் போவோரிடமெல்லாம் அவர் சொன்ன வாக்கியமாம்.
பக்கத்து நாற்காலியில் இவர்,
எலுமிச்சைத் தண்ணீர்ப் போத்தலோடு.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரி.
விற்க வந்த மாட்டுக்குப் பல்தான் முதல்.
என் சட்டைப்பையில் ஒரு காந்தம்,
கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றியது.
பானெட்டில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது. வலது கதவிலும்.
இடது பின் சக்கரத்துக்கு மேலே வந்தபோது
வழுக்கி என் கைக்குள் விழுந்தது.

மறுபடி வைத்தேன்.
மறுபடி விழுந்தது.

ஒரு சாண் அகலம். உள்ளே தகரமில்லை, பட்டி.
பட்டி பார்த்தவன் கெட்டிக்காரன்:
பெயின்ட் பக்கத்துப் பெயின்டோடு
இரட்டையாய்ப் பிறந்ததுபோல் இருந்தது.

நாற்பத்தோராயிரம் என்று மனதில் எழுதியிருந்ததை அடித்தேன்.
இறந்து பதினாலு மாதமான மனிதரின் ஒற்றை வாக்கியத்தை
இரண்டு டொலர் காந்தம் பொய்யாக்குவதா?
சொல்லாமல் விற்றால்
வாங்க வருகிறவனும் ஒரு காந்தம் கொண்டு வருவான்.
துண்டுக்குள் விரல் பிடித்து முடிக்கிற வியாபாரமில்லை இது.
நிலைமை அறிக்கை, மூன்று பக்கம், உரிமையாளர் கையொப்பம்.

"இந்த இடத்தில்..." என்று தொடங்கினேன்.

"எண்பத்தொன்று, நவம்பர்," என்றார்.

அவருக்குப் பித்தப்பையில் கல். பதினொரு நாள் ஆஸ்பத்திரி.
இரண்டாம் நாள் மற்றக் காரில் பற்றரி செத்துக் கிடந்தது.
பார்வையாளர் நேரமோ ஏழு மணிக்கு முடிகிறது.
அவருடைய திறப்பை எடுத்தேன், கல்யாணமாகி முதல் தடவை.
சிம்கோ வீதியில் கண்ணுக்குத் தெரியாத பனி,
ஒரு விளக்குக் கம்பம்.
விட்பியில் ஒரு ஹங்கேரியன் ஒன்பதே நாளில் தந்தான்.
புதுத் திரைச்சீலைக்குச் சேர்த்த காசெல்லாம் போயிற்று.
"ஏன் இன்னும் பழைய திரை என்று ஓரெஸ்ட் கேட்டார்.
இந்தப் பச்சை பிடித்துப்போயிற்று என்றேன்.
எனக்குப் பச்சை பிடிக்காது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம்.
இவர் நாற்பது வருடத்துக்கு மேலாய்
அதைத் துடைக்கிறவரின் துணிக்கு அடியிலேயே மறைத்திருக்கிறார்.
இல்லை, வாரம் தவறாமல் மெழுகு போட்ட அந்த விரல்களுக்குத்
தெரிந்தேதான் இருந்ததா?
நான் கேட்கவில்லை. அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

"எவ்வளவு குறையும்?"
"நாலாயிரத்து ஐந்நூறு."
கராஜ் கூரையைப் பார்த்தார், கணக்கு அங்கே இருப்பதுபோல.
"வருடத்துக்கு நூறு டொலர் வரும். மோசமில்லை.
எழுதுங்கள்."

ஜூனில் ஷெர்புரூக்கிலிருந்து ஒரு பல்வைத்தியர் வந்தார்,
அறிக்கையை இரண்டு தடவை படித்து
முப்பத்தாறாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினார்.
எனக்கு நூற்றுக்கு எட்டு.

ட்ரெய்லரில் ஏற்றுமுன் மேரியன் இடது பக்கம் வந்து
அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார்,
ஒட்டுகிறதா என்று பார்ப்பதுபோல.
பிறகு என் அளவு டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு
உள்ளே போனார்,
ஜன்னல்களை அளக்க.